பிறர் களத்தில் ஒரு கோல்

நுழையும் முன்

கால்பந்தில் அதிகக் கோல்கள் அடித்த அணி வெல்லும் என்பதை அறியாதார் இலர். ஆனால், இரு அணிகளும் சமமான எண்ணிக்கையில் கோல்கள் அடித்த பின்னரும், அவை எந்தத் திடலில் அடிக்கப்பட்டன என்பதைக் கொண்டு வெற்றியாளரை முடிவு செய்யும் விதி ஒன்றும் உண்டு. வட ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இரண்டு அரபுக் கால்பந்துக் கழகங்கள் 2018ஆம் ஆண்டில் மோதிய இறுதிப் போட்டியின் வழியாக அவ்விதியையும், அதன் பின்னுள்ள நியாயத்தையும் இப்பாடத்தில் அறிவோம்.

ஒரு கோப்பைக்கு இரண்டு ஆட்டங்கள்

இறுதிப் போட்டி என்றவுடன் ஒரே நாளில், ஒரே திடலில் நடந்து முடியும் ஆட்டமே நம் நினைவுக்கு வரும். உலகக் கோப்பைக் கால்பந்தின் இறுதிப் போட்டி அவ்வாறே நடைபெறுகிறது. ஆயினும், கழகங்களுக்கு இடையிலான சில போட்டிகளில் இறுதிச் சுற்று இரண்டு ஆட்டங்களாக நடத்தப்படும். முதல் ஆட்டம் ஓர் அணியின் சொந்தத் திடலில் நடக்கும். சில நாள்கள் கழித்து, மறு ஆட்டம் மற்ற அணியின் திடலில் நடக்கும். இரண்டு ஆட்டங்களிலும் அடித்த கோல்களைக் கூட்டி, மொத்தத்தில் மிகுதியான கோல்களைப் பெற்ற அணிக்குக் கோப்பை வழங்கப்படும். நம் நாட்டின் இந்தியன் சூப்பர் லீக் போட்டிகளிலும் அரையிறுதிகள் இம்முறையில் நடந்துள்ளன.

இவ்வாறு இரண்டு ஆட்டங்களாகப் பிரிப்பதற்குக் காரணம் என்ன? சொந்தத் திடலில் ஆடும் அணிக்கு இயல்பாகவே சில வாய்ப்புகள் கூடுதலாக அமைகின்றன. அவ்வணியினர் நெடுந்தொலைவு பயணம் செய்து களைப்படைவதில்லை. தம் வீட்டில் உண்டு, தம் படுக்கையில் உறங்கி வருகின்றனர். திடலின் புல்தரை, காற்று, வெப்பம் யாவும் அவர்களுக்குப் பழகியவை. எல்லாவற்றுக்கும் மேலாக, சுற்றியிருக்கும் பல்லாயிரவர் அவர்கள் பெயரைச் சொல்லியே முழங்குகின்றனர். எதிரணியினரோ பழகாத ஊரில், புரியாத முழக்கங்களுக்கு நடுவே ஆட வேண்டியுள்ளது. சொந்த ஊரை விட்டு வந்து, வேறு மொழி வழங்கும் நகரில் பள்ளி செல்லும் உங்களுக்கு, பிறர் களத்தில் ஆடுவது எத்தகையது என்பதை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

ஓர் அணிக்கு மட்டும் இவ்வாய்ப்பைத் தருவது முறையாகாது. ஆகவே, இரு அணிகளும் ஒரு முறை வீட்டிலும் ஒரு முறை வெளியிலும் ஆடட்டும் என்று வகுத்தனர். இதுவே இரு ஆட்ட முறையின் அடிப்படை.

ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 1957ஆம் ஆண்டு தோன்றியது. அதன் கழகங்களுக்கான கோப்பைப் போட்டி 1964–65ஆம் ஆண்டில் தொடங்கியது. முதல் இறுதிப் போட்டி ஒரே ஆட்டமாக நடந்தது. 1966ஆம் ஆண்டில் இரு ஆட்ட முறை வந்தது. அந்த ஆண்டு மாலி நாட்டின் ரியால் பமாகோ அணி முதல் ஆட்டத்தில் 3–1 என வென்றது. மறு ஆட்டத்தில் ஐவரி கோஸ்டின் ஸ்தாத் அபிஜான் அணி தன் சொந்தத் திடலில் 4–1 என வென்று, மொத்தத்தில் 5–4 என்னும் கணக்கில் கோப்பையைக் கைப்பற்றியது. முதல் ஆட்டத்தில் தோற்றவர் மறு ஆட்டத்தில் மீண்டெழலாம் என்பதை அம்முறையின் முதல் இறுதிப் போட்டியே காட்டிவிட்டது. 1997ஆம் ஆண்டு முதல் இப்போட்டி ஆப்பிரிக்கச் சாம்பியன்ஸ் லீக் என்று அழைக்கப்படுகிறது.

இரண்டு நகரங்கள், இரண்டு கழகங்கள்

ஆப்பிரிக்கக் கண்டத்தின் வட ஓரத்தில், மத்தியதரைக் கடலை ஒட்டி எகிப்து, லிபியா, துனிசியா, அல்ஜீரியா, மொராக்கோ ஆகிய நாடுகள் அமைந்துள்ளன. இவை ஆப்பிரிக்க நாடுகள். அதே வேளையில் அரபு மொழி வழங்கும் நாடுகளும் ஆகும். எனவேதான், ஆப்பிரிக்கக் கோப்பையின் இறுதிப் போட்டி பலமுறை இரண்டு அரபுக் கழகங்களுக்கு இடையிலான போட்டியாக அமைந்துள்ளது.

எகிப்தின் தலைநகர் கெய்ரோவில் 1907ஆம் ஆண்டு தோன்றியது அல் அஹ்லி கழகம். அப்போது எகிப்து ஆங்கிலேயரின் பிடியில் இருந்தது. எகிப்திய மாணவர்கள் கூடிப் பேசவும் விளையாடவும் தமக்கென ஓர் இடம் வேண்டும் என்னும் எண்ணத்தில் அக்கழகம் எழுந்தது. 'அஹ்லி' என்னும் சொல்லுக்கு, நாட்டு மக்களுக்கு உரியது என்று பொருள் கொள்ளலாம். சிவப்பு அதன் நிறம். 2018ஆம் ஆண்டுக்கு முன்பே அக்கழகம் ஆப்பிரிக்கக் கோப்பையை எட்டு முறை வென்றிருந்தது. வேறெந்தக் கழகமும் அத்தனை முறை வென்றதில்லை.

துனிசியாவின் தலைநகர் துனிஸ். அந்நகரின் பழைய பகுதியான பாப் சுவைக்காவில் 1919ஆம் ஆண்டு பிறந்தது எஸ்பெரான்ஸ் கழகம். அப்போது துனிசியா பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தது. கழகத்தைத் தொடங்கியவர்கள் கூடிப் பேசிய காப்பிக் கடையின் பெயரே கழகத்தின் பெயராயிற்று என்பர். 'எஸ்பெரான்ஸ்' என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கு 'நம்பிக்கை' என்று பொருள். அரபு மொழியில் இக்கழகத்தை 'தரஜ்ஜி' என்பர். அதன் பொருளும் நம்பிக்கையே. சிவப்பும் மஞ்சளும் இதன் நிறங்கள். ரசிகர்கள் இதனைக் 'குருதியும் பொன்னும்' என்று பெருமையுடன் குறிப்பிடுவர்.

எகிப்தின் மக்கள்தொகை 10 கோடிக்கும் மேல். துனிசியாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 1.2 கோடி. நாட்டின் அளவில் மட்டுமன்றிக் கோப்பைகளின் எண்ணிக்கையிலும் எகிப்துக் கழகமே பெரியது. எஸ்பெரான்ஸ் அதுவரை 1994, 2011 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டுமே ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றிருந்தது. 2012ஆம் ஆண்டின் இறுதிப் போட்டியில் அல் அஹ்லியிடம், அதுவும் தன் சொந்தத் திடலில், 2–1 எனத் தோற்றுக் கோப்பையை இழந்திருந்தது. அந்தத் தோல்வி துனிஸ் மக்களின் மனத்தில் ஆறாமல் இருந்தது. 2019 தொடக்கத்தில் கழகத்துக்கு நூறு வயது நிறையவிருந்தது. நூற்றாண்டை வெறுங்கையுடன் கொண்டாடுவதா, கோப்பையுடன் கொண்டாடுவதா என்பதே அவர்கள் முன் நின்ற கேள்வி.

முதல் ஆட்டம்

2018 நவம்பர் 2ஆம் நாள், எகிப்தின் அலெக்சாந்திரியா நகருக்கு மேற்கே உள்ள புர்ஜ் அல் அரப் திடலில் முதல் ஆட்டம் நடந்தது. இவ்விறுதிப் போட்டியில் காணொலி உதவி நடுவர் முறை பயன்படுத்தப்பட்டது. திடலில் உள்ள நடுவர் தாம் தெளிவாகக் காணாத நிகழ்வைத் திரையில் மீண்டும் பார்த்து முடிவு செய்ய இம்முறை உதவுகிறது.

34ஆவது நிமிடத்தில் அல் அஹ்லிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. வாலித் சுலைமான் அதைக் கோலாக்கினார். 58ஆவது நிமிடத்தில் அம்ர் அல் சுலய்யா இரண்டாம் கோலை அடித்தார். 64ஆவது நிமிடத்தில் எஸ்பெரான்ஸ் அணிக்கும் ஒரு பெனால்டி கிடைக்க, அல்ஜீரியரான யூசுஃப் பெலைலி அதைக் கோலாக்கினார். 77ஆவது நிமிடத்தில் அல் அஹ்லிக்கு மீண்டும் ஒரு பெனால்டி, மீண்டும் சுலைமான், மீண்டும் கோல். ஆட்டம் 3–1 என முடிந்தது.

நடுவரின் முடிவுகள் குறித்துக் கடும் சர்ச்சை எழுந்தது. அல் அஹ்லியின் முன்கள ஆட்டக்காரர் வாலித் அசாரோ தம் சட்டையைத் தாமே கிழித்துக்கொண்டு, எதிரணியினர் பிடித்திழுத்ததைப் போலக் காட்ட முயன்ற காட்சி தொலைக்காட்சியில் பதிவாகியிருந்தது. ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு அவருக்குத் தடை விதித்தது. அதனால் அவர் மறு ஆட்டத்தில் ஆட இயலவில்லை. நடுவரின் கண்ணுக்கு உதவ வைத்த கருவியே ஆட்டக்காரரின் செயலையும் ஊருக்குக் காட்டிவிட்டது.

அலெக்சாந்திரியாவில் வெற்றி முழக்கம் எழுந்தது. ஆனால், கணக்கு அறிந்தோர் வேறொன்றையும் கவனித்தனர். எஸ்பெரான்ஸ் தோற்றுத்தான் திரும்புகிறது. எனினும் அவர்கள் கையில் ஒரு கோல் இருக்கிறது. அது பிறர் களத்தில் அடித்த கோல்.

வெளிக்கள கோல் விதி

இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கோல்களும் சமமாக இருந்தால் என்ன செய்வது? அப்போது வெளிக்களத்தில், அதாவது எதிரணியின் திடலில், எந்த அணி மிகுதியான கோல்களை அடித்ததோ அந்த அணியே வென்றதாகக் கொள்ளப்படும். இதுவே வெளிக்கள கோல் விதி. ஐரோப்பாவில் 1965ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இவ்விதி, பின்னர்ப் பல கண்டங்களுக்கும் பரவியது.

இவ்விதிக்கு ஒரு காரணம் உண்டு. வெளியூர் செல்லும் அணிகள் தோல்விக்கு அஞ்சி, பதினொருவரையும் தம் கோல் கம்பங்களுக்கு முன்னே நிறுத்தித் தடுத்தாடுவதையே வழக்கமாகக் கொண்டிருந்தன. அத்தகைய ஆட்டம் பார்ப்பவர்க்குச் சலிப்பையே தந்தது. வெளிக்களத்தில் அடிக்கும் கோலுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு என்றால், வந்த அணியும் துணிந்து முன்னேறும் என்று எண்ணினர்.

இனி, 3–1 என்னும் முதல் ஆட்டக் கணக்கை வைத்துக்கொண்டு, மறு ஆட்டம் எவ்வாறெல்லாம் முடியக்கூடும் என்று பார்ப்போம். கீழே எஸ்பெரான்ஸ் அணியின் கோல்கள் முதலில் தரப்பட்டுள்ளன.

• மறு ஆட்டம் 1–0 என முடிந்தால்: மொத்தம் 2–3. கோப்பை அல் அஹ்லிக்கு.

• 2–0 என முடிந்தால்: மொத்தம் 3–3. வெளிக்கள கோல் எஸ்பெரான்ஸுக்கு 1, அல் அஹ்லிக்கு 0. கோப்பை எஸ்பெரான்ஸுக்கு.

• 2–1 என முடிந்தால்: மொத்தம் 3–4. கோப்பை அல் அஹ்லிக்கு.

• 3–1 என முடிந்தால்: மொத்தம் 4–4. வெளிக்கள கோல்களும் 1–1. இவ்விதியால் முடிவு காண இயலாது.

• 4–2 என முடிந்தால்: மொத்தம் 5–5. வெளிக்கள கோல் எஸ்பெரான்ஸுக்கு 1, அல் அஹ்லிக்கு 2. கோப்பை அல் அஹ்லிக்கு.

இப்பட்டியலை இரண்டு முறை படியுங்கள். 2–0 என்னும் வெற்றி கோப்பையைத் தருகிறது. 4–2 என்னும் வெற்றி தருவதில்லை. இரண்டிலும் வேறுபாடு இரண்டு கோல்களே. ஆனால், துனிஸ் நகரில் அல் அஹ்லி அடிக்கும் ஒவ்வொரு கோலும் எஸ்பெரான்ஸின் முயற்சியைத் தொலைவுக்குத் தள்ளும். ஆகவே, எஸ்பெரான்ஸ் அணிக்கு இரண்டு பொறுப்புகள் இருந்தன. கோல் அடிக்க வேண்டும். அதற்காக முன்னேறும்போதே, ஒரு கோலும் வாங்காமல் காக்கவும் வேண்டும்.

மறு ஆட்டம்

2018 நவம்பர் 9ஆம் நாள், துனிஸ் நகரை அடுத்த ரதேஸ் ஒலிம்பிக் திடலில் மறு ஆட்டம் நடந்தது. 2001ஆம் ஆண்டின் மத்தியதரைக் கடல் நாடுகளின் விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டப்பட்ட அத்திடல் ஏறத்தாழ 60,000 பேரைக் கொள்ளும்.

எஸ்பெரான்ஸ் அணியின் பயிற்சியாளர் முயீன் ஷாபானி. அவர் அதே கழகத்தின் முன்னாள் ஆட்டக்காரர்; அப்பொறுப்பை ஏற்றுச் சில வாரங்களே ஆகியிருந்தன. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் அங்கோலா நாட்டின் பிரிமேரோ தெ அகோஸ்தோ அணியிடம் எஸ்பெரான்ஸ் 1–0 எனத் தோற்றது. அதன் பிறகே அவர் பொறுப்பேற்றார். மறு ஆட்டத்தில் 4–2 என வென்று, மொத்தத்தில் 4–3 என அணி இறுதிக்கு வந்தது. தோற்ற பின் எழுவது அவ்வணிக்கு அந்த ஆண்டில் புதிதன்று.

ஆட்டம் தொடங்கியது. நாற்பத்தைந்து நிமிடங்கள் கடந்தும் கோல் விழவில்லை. அல் அஹ்லிக்குக் காலம் கடந்தாலே போதும். எஸ்பெரான்ஸுக்கோ ஒவ்வொரு நிமிடமும் இழப்பு. முதற்பாதியின் கூடுதல் நேரத்தில் சாத் பகீர் முதல் கோலை அடித்தார். மொத்தம் 2–3 ஆயிற்று. இடைவேளைக்குப் பின், 54ஆவது நிமிடத்தில் அவரே இரண்டாம் கோலையும் அடித்தார். மொத்தம் 3–3.

அந்தக் கணத்தில்தான், ஒரு வாரத்துக்கு முன் அலெக்சாந்திரியாவில் பெலைலி அடித்த அந்த ஒற்றைக் கோல் விழித்துக்கொண்டது. கணக்குச் சமமாக இருந்தும் கோப்பை எஸ்பெரான்ஸின் பக்கம் சாய்ந்தது.

ஆனால், அச்சாய்வு உறுதியானதன்று. அல் அஹ்லி ஒரே ஒரு கோல் அடித்தாலும் மொத்தம் 3–4 ஆகிவிடும்; கோப்பை மீண்டும் கெய்ரோவுக்குச் சென்றுவிடும். ஆறாயிரம் அடி உயரத்தில் கட்டிய கயிற்றின்மீது நடப்பதைப் போல, எஸ்பெரான்ஸ் அணி அடுத்த அரை மணி நேரத்தைக் கடந்தது. 86ஆவது நிமிடத்தில் அனீஸ் பத்ரி மூன்றாம் கோலை அடித்தார். மொத்தம் 4–3.

மூன்றாம் கோலின் மதிப்பையும் கணக்கிட்டுப் பாருங்கள். அதற்கு முன் அல் அஹ்லியின் ஒரு கோல் கோப்பையையே மாற்றியிருக்கும். அதற்குப் பின் ஒரு கோல் அடித்தாலும் அவ்வணி சமநிலையை மட்டுமே எட்டியிருக்கும். ஆயினும் அந்தக் கோலும் விழவில்லை. ஆட்டம் 3–0 என முடிந்தது. எஸ்பெரான்ஸ் மூன்றாம் முறையாக ஆப்பிரிக்கச் சாம்பியன் ஆயிற்று. நூற்றாண்டு விழாவுக்கு இரண்டே மாதங்கள் இருந்தன.

கருவி இருந்தும் கண் இல்லை

மறு ஆண்டும் எஸ்பெரான்ஸ் இறுதிக்கு வந்தது. இம்முறை எதிரணி, மொராக்கோவின் காசாபிளாங்கா நகரைச் சேர்ந்த விதாத் கழகம். 'விதாத்' என்னும் அரபுச் சொல்லுக்கு 'அன்பு' என்று பொருள். ரபாத் நகரில் நடந்த முதல் ஆட்டம் 1–1 எனச் சமமாக முடிந்தது.

2019 மே 31ஆம் நாள், ரதேஸ் திடலில் மறு ஆட்டம். எஸ்பெரான்ஸ் 1–0 என முன்னிலையில் இருந்தது. 59ஆவது நிமிட அளவில் விதாத் ஒரு கோல் அடித்தது. அது ஆஃப்சைடு என்று மறுக்கப்பட்டது. காணொலியைப் பார்த்து முடிவு செய்யுமாறு விதாத் அணியினர் வேண்டினர். அப்போதுதான் காணொலிக் கருவி இயங்கவில்லை என்பது வெளிப்பட்டது. விதாத் அணியினர் தொடர்ந்து ஆட மறுத்தனர். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வாதம் நீடித்தது. இறுதியில் நடுவர் ஆட்டத்தை முடித்து வைத்தார். கோப்பை எஸ்பெரான்ஸிடம் வழங்கப்பட்டது.

பிரச்சினை அத்துடன் ஓயவில்லை. மறு ஆட்டத்தை மீண்டும் நடத்த வேண்டும் என்று ஆப்பிரிக்கக் கூட்டமைப்பின் செயற்குழு முடிவு செய்தது. வழக்கு, விளையாட்டுக்கான பன்னாட்டு நடுவர் மன்றத்துக்குச் சென்றது. அம்மன்றம் செயற்குழுவின் முடிவை நீக்கியது. பின்னர்க் கூட்டமைப்பின் ஒழுங்குக் குழு விசாரித்து, எஸ்பெரான்ஸின் வெற்றியை உறுதி செய்தது. 90 நிமிடங்களில் முடிய வேண்டிய ஆட்டத்துக்கு ஆகஸ்டு மாதத்தில்தான் முடிவு கிடைத்தது.

2018இல் எஸ்பெரான்ஸுக்கும் நடுவரின் முடிவுகளில் மனக்குறை இருந்தது. அவர்களுக்கு மறு ஆட்டம் ஒன்று மீதம் இருந்தது; அதில் ஆடித் தம் குறையைத் தீர்த்துக்கொண்டனர். 2019இல் விதாத் அணியினருக்கு அவ்வாய்ப்பு இல்லை. அவர்கள் கேட்டது சலுகை அன்று. விதியில் உள்ள ஒரு வசதியையே கேட்டனர். ஆனால், களத்தை விட்டு விலகியவர்க்கு விதி துணை நிற்கவில்லை. இவ்விரண்டு நிகழ்வுகளையும் அடுத்தடுத்து வைத்து எண்ணிப் பார்த்தல் நன்று.

ஒற்றை ஆட்டம் வந்ததும் போனதும்

2020ஆம் ஆண்டு முதல் இறுதிப் போட்டியை ஒரே ஆட்டமாக நடத்தக் கூட்டமைப்பு முடிவெடுத்தது. முன்பே ஒரு நகரைத் தேர்ந்தெடுத்து அங்கே நடத்துவது செலவைக் குறைக்கும், ஏற்பாடும் எளிது. ஆனால், தேர்ந்தெடுத்த நகரின் அணியே இறுதிக்கு வந்துவிட்டால்?

2022ஆம் ஆண்டு அவ்வாறே நேர்ந்தது. இறுதிப் போட்டிக்குக் காசாபிளாங்கா நகரின் திடல் தேர்ந்தெடுக்கப்பட்டது. இறுதிக்கு வந்தவை அல் அஹ்லியும், அந்நகரின் விதாத்தும். ஓர் அணிக்குச் சொந்த வீடு, மற்றதற்கு வெளியூர். அல் அஹ்லி எதிர்ப்புத் தெரிவித்தது. ஆயினும் ஆட்டம் அங்கேயே நடந்தது. விதாத் 2–0 என வென்றது. விதாத் அணி திறமையால் வென்றிருக்கலாம். எனினும், 'திடல் வேறாக இருந்திருந்தால்?' என்னும் கேள்வி எஞ்சி நின்றது. அக்கேள்வி வென்றவருக்கும் நல்லதன்று.

2023ஆம் ஆண்டு இரு ஆட்ட முறை திரும்பியது. வியப்பு என்னவெனில், அதே இரண்டு கழகங்களே மீண்டும் இறுதிக்கு வந்தன. ஜூன் 4ஆம் நாள் கெய்ரோவில் அல் அஹ்லி 2–1 என வென்றது. ஜூன் 11ஆம் நாள் காசாபிளாங்காவில் விதாத் 27ஆவது நிமிடத்தில் ஒரு கோல் அடித்தது. மொத்தம் 2–2, கெய்ரோவில் அடித்த கோலின் வலிமையால் கோப்பை விதாத்தின் பக்கம் சாய்ந்தது. 78ஆவது நிமிடத்தில் அல் அஹ்லியின் முகம்மது அப்துல் முனிம் பந்தைத் தலையால் முட்டிக் கோலாக்கினார். மொத்தம் 3–2. முந்தைய ஆண்டு தோற்ற அதே நகரில், அதே முழக்கங்களுக்கு நடுவே, அல் அஹ்லி பதினொன்றாம் முறையாகச் சாம்பியன் ஆயிற்று. இம்முறை திடலைக் காரணம் காட்ட யாருக்கும் இடமில்லை.

வெளிக்கள கோல் விதியை ஐரோப்பியக் கூட்டமைப்பு 2021–22 பருவத்திலிருந்து கைவிட்டது. இன்று பயணம் எளிது. திடல்களும் ஏறத்தாழ ஒரே தரத்தில் உள்ளன. எனவே வெளியூரில் ஆடுவது முன்போல் கடினமன்று என்பது அவர்களின் வாதம். மேலும், முதல் ஆட்டத்தை நடத்தும் அணி எதிரணிக்கு ஒரு கோலும் கொடுக்கக் கூடாதென்று அஞ்சித் தடுத்தாடத் தொடங்கியது என்றும் அவர்கள் கூறினர். அச்சத்தைப் போக்க வந்த விதியே வேறோர் அச்சத்தை உண்டாக்கிற்று என்பது இதன் பொருள். விதிகள் மனிதர் வகுப்பவை. காலம் மாறும்போது அவற்றையும் எடைபோட்டுப் பார்த்தல் வேண்டும்.

விதி இருப்பினும் நீங்கினும், ஒன்று மாறாது. 2018இல் எஸ்பெரான்ஸ் அணியினர் அலெக்சாந்திரியாவில் இரண்டு கோல் பின்தங்கியிருந்தபோது, இனி ஒன்று அடித்து ஆவதென்ன என்று ஓய்ந்திருக்கலாம். அவர்கள் ஓயவில்லை. தோல்விக்கு நடுவே அடித்த அந்த ஒரு கோல், ஒரு வாரம் கழித்து, வேறொரு நாட்டில், 54ஆவது நிமிடத்தில் தன் பயனைத் தந்தது.

சொற்பொருள்

கழகம் – விளையாட்டுக்காக அமைந்த சங்கம்

திடல் – விளையாடும் பரந்த வெளி

வெளிக்களம் – எதிரணிக்குச் சொந்தமான ஆடுகளம்

மீண்டெழுதல் – வீழ்ந்த நிலையிலிருந்து மறுபடி உயர்தல்

சர்ச்சை – கருத்து மோதல்

பருவம் – போட்டிகள் நடைபெறும் ஆண்டுக் காலம்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.

1. இறுதிப் போட்டியை இரண்டு ஆட்டங்களாக நடத்துவதன் நோக்கம் யாது?

2. 'எஸ்பெரான்ஸ்', 'விதாத்' ஆகிய பெயர்களின் பொருள்களை எழுதுக.

3. வாலித் அசாரோ மறு ஆட்டத்தில் ஆட இயலாமற்போனது ஏன்?

4. 2022ஆம் ஆண்டின் இறுதிப் போட்டியில் அல் அஹ்லி எதிர்ப்புத் தெரிவித்ததன் காரணம் யாது?

ஆ. கணக்கிட்டு எழுதுக.

2017ஆம் ஆண்டின் இறுதிப் போட்டியில் அல் அஹ்லியின் திடலில் நடந்த முதல் ஆட்டம் 1–1 என முடிந்தது. காசாபிளாங்காவில் நடந்த மறு ஆட்டத்தில் விதாத் 1–0 என வென்றது.

1. மொத்தக் கோல் கணக்கு யாது? கோப்பை யாருக்கு?

2. மறு ஆட்டம் 0–0 என முடிந்திருந்தால் கோப்பை யாருக்குக் கிடைத்திருக்கும்? காரணம் தருக.

3. மறு ஆட்டம் 2–2 என முடிந்திருந்தால்?

இ. மொழியை அறிவோம்.

அரபு மொழியில் 'அல்' என்பது ஒரு பெயர்ச்சொல்லின் முன்னே வந்து, குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டும் சொல்லாகும். 'அல் அஹ்லி' என்பதில் வருவதும் அதுவே. அரபுச் சொற்கள் பல நெடுங்காலத்துக்கு முன்பே தமிழில் கலந்துள்ளன. அசல், பாக்கி, வசூல், வக்கீல், தகராறு ஆகியவை அவற்றுட் சில. இச்சொற்களுக்கு ஈடான தமிழ்ச் சொற்களை எழுதி, ஒவ்வொன்றையும் தொடரில் அமைக்க. நீங்கள் வாழும் பகுதியின் மொழியில் இவை எவ்வாறு வழங்குகின்றன என்பதையும் நண்பர்களிடம் கேட்டறிந்து எழுதுக.

ஈ. சிந்தித்து எழுதுக.

1. 'வெளிக்கள கோல் விதி தொடர வேண்டும்' அல்லது 'நீக்கப்பட வேண்டும்' – இவற்றுள் ஒன்றை ஆதரித்துப் பத்துத் தொடர்களில் எழுதுக.

2. 2019ஆம் ஆண்டில் நீங்கள் விதாத் அணியின் தலைவராக இருந்திருந்தால், கருவி இயங்கவில்லை என்று அறிந்தபின் என்ன செய்திருப்பீர்கள்? காரணத்துடன் எழுதுக.

உ. செயல்பாடு

வகுப்பை இரண்டு அணிகளாகப் பிரித்துக்கொள்க. ஒரு வினாடி வினாவை இரண்டு சுற்றுகளாக நடத்துக. முதற்சுற்றின் வினாக்களை ஓர் அணியும், மறு சுற்றின் வினாக்களை மற்ற அணியும் தத்தமக்கு நன்கு தெரிந்த தலைப்பில் அமைக்கட்டும். மதிப்பெண்கள் சமமானால், எதிரணியின் தலைப்பில் மிகுதியாக விடை கூறிய அணியை வென்றதாகக் கொள்க. அம்முடிவு நியாயமாகத் தோன்றிற்றா என்பதை இரு அணியினரும் கலந்து பேசுக.